தாமானுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலம்: சமூகத் தோட்டம் போட்டால் உண்மையில் என்ன கிடைக்கும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதியிலிருந்து) வந்த கேள்வி இது. குடியிருப்பவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்த குடும்பங்கள். வீடுகளுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில் சமூகத் தோட்டம் போடலாம் என்று பேச்சு. மார்க்கெட் செலவு குறையுமா, பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்வார்களா, வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் பெரியவர்களுக்கு நல்லதா, இல்லை ஒய்.பி. (தொகுதி மக்கள் பிரதிநிதி) வந்து படம் எடுத்துக்கொண்டு போன மூன்றாம் மாதமே லாலாங் புல் மண்டிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் செலவு கொஞ்சம்தான் குறையும். பிள்ளைகள் கற்பது, பெரியவர்கள் சரியாக அமைந்தால் மட்டும். பெரியவர்களுக்கு நிச்சயமாக நல்லது, ஆனால் சில எச்சரிக்கைகளோடு. லாலாங் மண்டுவதும் நடக்கும். பேராக்கில் நான் பார்த்த தோட்டங்களில் அப்படிப் போனவை குறைவில்லை. அவை எல்லாவற்றிலும் ஒரே குறையைத்தான் கண்டேன். நடும் வேலையை ஊரே சேர்ந்து செய்தது, அதற்குப் பிறகு எந்தப் பாத்தி யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

உணவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு அடி அகலம், இருபது அடி நீளம் உள்ள ஒரு பாத்தி ஏறக்குறைய 7.5 சதுர மீட்டர். அதில் நாம் பாயாம் என்று வாங்கும் கீரையை விதைத்தால் 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்பது சுமாரான விளைச்சல். ஆக ஒரு பாத்தியில் மாதம் 7 கிலோ சொச்சம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் 100 கிராம் கீரை என்றால் மாதம் 15 கிலோ வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கீரை கொடுக்கவே இரண்டு பாத்தி தேவை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ காய்கறி, பழம் இரண்டும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம். நம் இரண்டு பாத்தி அதில் கால் பங்குதான். அரிசி, பருப்பு, எண்ணெய், பூண்டு பக்கம் நாம் போகவே முடியாது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் கடைகளில் விலை ஏறியதே, அதற்கு எந்தச் சமூகத் தோட்டமும் பதில் சொல்லியிருக்காது.

அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். சட்டியில் எவ்வளவு விழுகிறது என்பதைவிட, என்ன விழுகிறது என்பதில்தான் தோட்டம் மாற்றம் செய்யும். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசலைக்கொடி, அகத்தி போன்றவை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மாலைக்குள் வாடிவிடும். கறிவேப்பிலை, பாண்டான் (ரம்பை இலை), செராய் (எலுமிச்சைப்புல்), மஞ்சள் இலை எல்லாம் அவ்வப்போது ஒரு கொத்து தேவைப்படும் பொருள்கள். வேலியோரம் வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெண்டை, பயற்றங்காய், பாகல், கத்தரி ஆகியவை ஐம்பது அறுபது நாளில் காய்க்கத் தொடங்கி வாரக்கணக்கில் பறிப்பு தரும். இவற்றோடு தொடங்குங்கள். முட்டைக்கோஸ், கேரட் பக்கம் போகாதீர்கள், அது கேமரன் மலைக்காரர்கள் வேலை. 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின் முதல் நாள்களில் அந்த மலையில் விவசாயிகள் விற்க வழியில்லாமல் காய்கறியைக் கொட்டினார்கள், கீழே பட்டணத்தில் மக்கள் கடை வாசலில் வரிசை நின்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நாலு கீரைப் பாத்தி இருப்பதன் மதிப்பைக் கிலோவில் எழுத முடியாது.

மிளகாயைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எல்லோரும் முதலில் கேட்பது அதுதான், எல்லோரையும் முதலில் ஏமாற்றுவதும் அதுதான். இலைப்பேன், சிலந்திப்பேன், வெள்ளை ஈ வந்து இலை சுருண்டுவிடும். அதோடு தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்த பாத்தியில் இன்னொன்றை வைத்தால் நம் சூட்டில் பாக்டீரியா வாடல் நோய் மண்ணில் தங்கி, காலையில் பச்சையாக நின்ற செடியை மாலையில் தொங்க விட்டுவிடும். இடையில் பயறு, கீரை, சோளம் என்று மாற்றி வைக்க வேண்டும். கத்தரியையோ தக்காளியையோ கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டலாம். சுண்டை வேர் அந்த நோயைத் தாங்கும். பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) ஒட்டுக் கட்டிப் பழகிய கை உங்கள் தாமானில் எங்காவது இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வருகிறது. எஸ்டேட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டம் போடக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டமே குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கச் சொன்னது, அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லா நிர்வாகமும் கொடுத்ததா என்பது வேறு கதை. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை, நாலு வாழை, ஒரு பாகல் பந்தல் இல்லாத வீடு அரிது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது மரவள்ளிக்கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது. இன்றும் சில பாட்டிகள் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், அவ்வளவு தின்றிருக்கிறார்கள். உங்கள் சுங்கை சிப்புட்டுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்குச் சேரக்கூடாதென்று வேலிக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோவதைத் தடுத்தார்கள். தன் கையால் விளைத்ததைச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு எஸ்டேட்டுகள் துண்டாடப்பட்டன. அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தக் காரணத்துக்காகத்தான். அவர் உங்கள் ஊர்க்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. ஆட்கள் மலிவு விலை வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் சிமென்ட், பின்னால் சாக்கடை. ஐம்பது வயது வரைக்கும் தினமும் மண்ணை மிதித்த ஒரு பெண்ணுக்கு அதற்குப் பின் மிஞ்சியது நாலு பெயின்ட் வாளியில் துளசியும் கற்றாழையும்.

ஆகவே திட்டம் போடும்போது அந்த அம்மாக்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள், டீ போட அல்ல. எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், மாட்டுச் சாணம் யாரிடம் கேட்கலாம், எந்தக் கீரையின் விதையை எப்போது உருவி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒன்றில் மட்டும் கவனம். அவர்களில் பலர் எஸ்டேட்டில் களைக்கொல்லி அடித்த வேலைக்காரர்கள். லாலாங்கைக் கண்டதும் கை மருந்து டப்பாவைத்தான் தேடும். அவர்கள் அடித்த பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதற்குப் பதில் வேறு மருந்து என்று போகாமல், சாப்பாட்டுப் பாத்தி பக்கம் எதுவுமே வேண்டாம் என்று முதல் நாளே முடிவெடுத்துவிடுங்கள். லாலாங்கை வெட்டிக் கிடத்தி, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மூடி, அதன் மேல் காய்ந்த இலைதழை போட்டால் சில மாதத்தில் அடங்கும். பழைய மருந்து டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் அது கூடாது.

மண் விஷயம். நம் எஸ்டேட் மண் பெரும்பாலும் சிவந்த, புளித்த மண். பி.எச். அளவு 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். ரப்பருக்கும் செம்பனைக்கும் அது போதும், கீரைக்குப் போதாது. காய்கறிக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். ஜி.எம்.எல். என்று விற்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் விட்டு எருப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கோழி எருவின் சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். ஈப்போவுக்குப் போகும் வழியெல்லாம் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டே போகிறோம், ஆனால் நம் பாத்திக்குச் சுண்ணாம்பு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நிலம் முன்பு ஈய லம்பமாக (ஈயச் சுரங்கமாக) இருந்தது என்று யாராவது சொன்னால் மட்டும் வேறு கதை: அங்கே விதைக்கும் முன் கன உலோகங்களுக்கு மண்ணைச் சோதிக்காமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பக்கத்தில் செம்பனை எண்ணெய் ஆலை இருந்தால் எண்ணெய் எடுத்தபின் தள்ளும் வெற்றுக் குலைகளைக் கேட்டு வாங்கலாம். பொட்டாசியம் மிகுந்த நல்ல மூடாக்கு. ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு உள்ளே முட்டை வைக்கும், அப்புறம் ஊரில் இருக்கும் தென்னைக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

எரு வாங்கும்போது அக்கம்பக்கத்தையும் யோசியுங்கள். பன்றி எருப் போட்ட பாத்திக்கு மலாய்க்கார அண்டை வீட்டார் வர மாட்டார்கள். நத்தை பிடிக்கப் பீர் ஊற்றி வைக்கும் உபாயமும் அப்படித்தான். மக்கிய கோழி எரு, ஆட்டெரு என்றால் யாருக்கும் சங்கடமில்லை. உலாம் ராஜாக் கீரையையும் பெகாகாவையும் (வல்லாரையையும்) அவர்கள் வளர்க்கட்டும், சவிக் கீரையைச் சீனர் வீட்டம்மா வளர்க்கட்டும். பறிப்பு நாளில் இலைகள் தானாகக் கைமாறும். கோத்தோங் ரோயோங் (கூட்டுழைப்பு) மேடைப் பேச்சில் கிடைக்காத பழக்கம் இதில் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒரு வகுப்பைக் கூட்டி வந்து, ஆளுக்கு ஒரு நாற்றைக் கையில் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டால் அவர்கள் கற்பது ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை ஒரு பாத்தியைக் குறைந்தது இரண்டு மாதம் பார்க்க வேண்டும். விதை போட்டு மூன்று நான்கு நாளில் முளைக்கும் பாயாமும், நாளுக்கு நாள் அடிக்கோலில் அளக்கும் அளவுக்கு ஓடும் பயற்றங்கொடியும் அதற்கு ஏற்றவை. ஒரு பெரிய டின்னை வெட்டவெளியில் வைத்து மழையை மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதச் சொல்லுங்கள், அளந்ததும் டின்னைக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு எழுதினால் ஒரு நல்ல விவாதம் கிடைக்கும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று புத்தகத்தில் படிக்கிறார்கள். இங்கே பேராக்கில் ஆடி மாதம் ஆண்டிலேயே மழை குறைந்த காலத்தைச் சேர்ந்தது, கொட்டித் தீர்ப்பது அக்டோபர், நவம்பர். பழமொழி பொய்யில்லை, அது வேறு மண்ணின் கணக்கு என்று பத்து வயதுப் பிள்ளை தன் நோட்டுப் புத்தகத்தை வைத்தே சொல்லிவிடும். பாகற்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பாட்டி ஏன் நாளிதழைச் சுற்றுகிறார் என்று கேட்டால் பழ ஈயின் வாழ்க்கைச் சுழற்சி வரும். ஆசிரியர் பாட்டியைப் பேச விட வேண்டும், அவ்வளவுதான். பள்ளி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். பள்ளித் தோட்டங்கள் சாவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

உடல் நலம் பற்றிப் பெரிதாக வாக்குக் கொடுக்க மாட்டேன். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் 18 வயது நிரம்பியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வில் நூற்றுக்கு 95 பேர் போதிய காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை. தட்டில் பாதியைக் காய்கறி, பழத்தால் நிரப்பச் சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ (கால், கால், பாதி) படத்தைக் கிளினிக் சுவரில் பார்க்காதவர் இல்லை; தட்டில்தான் அது வருவதில்லை. தோட்டம் அதை மாற்றுமா? அமெரிக்காவின் டென்வர் நகரில் 291 பேரை வைத்து, ஒரு பாதிக்குச் சமூகத் தோட்டத்தில் இடம் கொடுத்து, மறு பாதியைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. தோட்டம் போட்டவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஐந்தாறு நிமிடம் கூடுதலாக உடம்பை அசைத்தார்கள், மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. சின்ன மாற்றம்தான். ஆனால் மாத்திரையில்லாமல், யாரும் விரட்டாமல் வந்த மாற்றம். நம் பக்கத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஒற்றையாய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவைச் ‘சும்மா வெளியே போய் நடந்துட்டு வாங்க’ என்றால் போக மாட்டார். ‘உங்க வெண்டைக்காய் முத்திப்போச்சு’ என்று யாராவது குரல் கொடுத்தால் செருப்பைத் தேடுவார்.

அந்தச் செருப்பு விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கக்கூடாது. காலில் முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகும் என்பது ஒன்று. மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் மண்ணிலும் சேற்றிலும் இருக்கிறது, மழைக்காலத்தில் புண் வழியாக ஏறும். நீரிழிவுக்காரர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து, உயிரையே எடுக்கக்கூடியது. எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் உண்டு. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுதல் வேண்டும். புண் இருந்தால் ஆறும் வரை பார்வையாளராக நாற்காலியில் இருக்கட்டும். முட்டி மடங்காதவர்களுக்கு இரண்டடி உயரத்தில் செங்கல் பாத்தி ஒன்றிரண்டு கட்டினால் தரையில் உட்காராமல் வேலை செய்யலாம். பாகற்காய்ச் சாறு குடிப்பதால் மருந்தை நிறுத்தலாம் என்று யாராவது கிளப்பினால் அங்கேயே வெட்டிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரையின் பொட்டாசியமே பிரச்சினை, மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். செக்குர் மானிஸ் கீரையைச் சமைத்துச் சாப்பிடுவதோடு நிறுத்துங்கள். 1990-களில் தைவானில் உடல் இளைக்க அதைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடித்த பலருக்கு நுரையீரல் பாழாகிப் போனது.

தண்ணீர்த் தொட்டிக்கு வலை, வாளியெல்லாம் கவிழ்ப்பு, வாரம் ஒரு முறை சுற்றிப் பார்க்கும் ஆள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் எடுக்கும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசுப்புழு கண்டால் அபராதம், அதைவிட மோசம் தாமானே உங்களைத் திட்டும். பழைய டயரில் செடி வைக்கும் அழகையெல்லாம் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடைசியாக நிலமும் நிர்வாகமும். அந்தத் துண்டு நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். தாமானின் திறந்தவெளி என்றால் நகராண்மைக் கழகத்திடம், உங்களுக்கு அது கோலகங்சாரில், எழுத்தில் அனுமதி வேண்டும். அரசு நிலம் என்றால் நில அலுவலகத்தில் டி.ஓ.எல். எனும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கேட்கலாம். ஆனால் தேசிய நிலச் சட்டப்படி அது அந்த ஆண்டு டிசம்பரோடு முடியும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அங்கே மாமரமும் ரம்புத்தானும் வைத்து மனதைக் கொடுக்காதீர்கள். பறித்து எடுத்துக்கொண்டு போகக்கூடியதை வையுங்கள். வாய்மொழியாக யாரோ சரி என்றார் என்பதை நம்பி வேலி போட்ட ஒரு தோட்டத்தை மண்வாரி இயந்திரம் ஒரே காலையில் வழித்தெடுத்ததைப் பார்த்தவன் நான்.

நிர்வாகத்துக்கு என் யோசனை இதுதான். பாத்தி ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கட்டும், அதில் விளைவது அவர்களுக்கே. நாற்றங்கால், எருக்குழி, தண்ணீர், வேலியோரக் கறிவேப்பிலையும் முருங்கையும் மட்டும் பொது. ஒரு மாதம் பார்க்காமல் விட்ட பாத்தி அடுத்த பெயருக்குப் போகும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள், சொந்தக்காரர் என்று பார்க்காமல் அமல்படுத்துங்கள். முப்பது பாத்தி வேண்டாம், எட்டுப் போதும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பது நல்ல அறிகுறி. இந்த வாரம் பெயர் கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது, சாலையோரத்தில், சாக்கடைக் கரையில் ஏற்கெனவே ஏதாவது நட்டு வைத்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்து, அவர்கள் பெயரைப் பட்டியலின் தலையில் போடுங்கள். மண்ணின் பி.எச். அளவும் நிலத்தின் அளவும் கையில் வந்ததும் எழுதுங்கள், எந்தப் பாத்தியில் எதை முதலில் வைப்பது என்று பார்ப்போம். குரங்கு வரும் இடம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கு வேலியை வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.